ஐப்பசிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களே, ஊராட்சிச் செயலாளர்களே, ஆப்த மித்ரா பேரிடர் தன்னார்வலர் பயிற்சி முடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நான் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலோர ஊர்களிலும் ஆற்றுப் படுகை ஊர்களிலும் பல மழைக்காலங்களைப் பார்த்திருக்கிறேன். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆணையம் உண்டு, அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். மாவட்டத் திட்டம் என்று தடிமனான ஒரு புத்தகமும் உண்டு. அதையெல்லாம் பயிற்சி வகுப்பில் நன்றாகவே சொல்லித் தருவார்கள். அந்தப் புத்தகம் ஊருக்குள் வந்து இறங்கும் இடம் நீங்கள்தான். ஊருக்குள் நின்று செய்ய வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான்: சாதாரண நாளில் பழகாத எதுவும் புயல் நாளில் கைகொடுக்காது. கீழே உள்ள எல்லாமே அதிலிருந்து வந்தவை.

1. முதல் நாள் முழுக்க ஊர் தன்னந்தனியாக நிற்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது, பக்கத்து நகரத்தில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. எல்லோரும் வருவார்கள். ஆனால் சாலையில் புளியமரம் சாய்ந்து, வாய்க்கால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது அவர்கள் வந்து சேர நேரமாகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நாலா பக்கமும் வெள்ளம். அந்தப் பயணிகளுக்கு முதலில் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். எந்த அரசாணையும் அவர்களுக்கு வரவில்லை. அரிசி எங்கே இருக்கிறது, பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது, அடுப்பை எங்கே மூட்டலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். உங்கள் ஊரில் இந்த மூன்றும் உங்களுக்குத் தெரியுமா என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பட்டியலை நடந்து எழுதுங்கள். பேரிடருக்கு இலக்காகக்கூடிய இடங்கள் என்று தமிழ்நாடு முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்து, மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று அரசு பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் ஊர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒரே மாதிரி முழுகுவதில்லை. மேலத்தெருவில் கணுக்கால் நனையும்போது வடிகாலோரத்துக் குடிசைகளில் அடுப்பு மிதக்கும். ஆகவே வீடு வீடாகப் போங்கள். கூரை வீடு எத்தனை, ஓட்டு வீடு எத்தனை, சுவரில் விரிசல் விட்ட தொகுப்பு வீடு எத்தனை, மாடி வீடு எத்தனை என்று எழுதுங்கள்.

பிறகு ஆட்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர், தனியாக வாழும் கிழவி, பார்வை இல்லாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிறவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி எதற்கு? அவர் வீட்டுக்கு யார் ஓடிப் போய்ச் சொல்வது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரின் பெயரை அதே வரியில் எழுதுங்கள். கர்ப்பிணிகளின் விவரம் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். பிரசவத் தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிடும் வழக்கம் இப்போது நம் மாவட்டங்களில் வந்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, நடு இரவில் வெள்ளத்தில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிச் சென்றவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆவணியில் இந்தப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். போன வருடத்துப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி மேலிடத்துக்கு அனுப்புகிற பழக்கம் உங்கள் கையில் தொடங்கவே கூடாது. அதில் இறந்துபோனவர் உயிரோடு இருப்பார், புதிதாகப் பிறந்த குழந்தை இருக்காது.

3. ஊர் வரைபடத்தை ஊராரையே போடச் சொல்லுங்கள். கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ கோலமாவைக் கொடுத்துத் தரையில் வரையச் சொன்னால் போதும். நில அளவைப் படத்தில் இல்லாத எல்லாமே அதில் வந்துவிடும். எந்த மதகு அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் கரை முதலில் உடையும், சாலையில் எந்த இடம் பள்ளம், 1977 புயலில் தண்ணீர் எந்தத் திண்ணை வரை நின்றது என்று கிழவிகள் கையைக் காட்டிச் சொல்வார்கள். ஆண்கள் வரைந்து முடித்த பிறகு பெண்களைத் தனியாக வரையச் சொல்லுங்கள். நான் பார்த்த ஊர்களில் ஆண்கள் படகுத்துறையையும் டீக்கடையையும் மறக்காமல் போட்டார்கள். குடிநீர்க் குழாயையும், இரவில் வெளியே போக ஒதுங்கும் இடத்தையும், பாம்பு நடமாடும் வரப்பையும் போட்டவர்கள் பெண்கள்.

கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு போன்ற ஊர்கள் இருக்கின்றன. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் குடியிருப்பு. அங்கே வெள்ளம் உள்ளூர் மழையால் வருவதில்லை. மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பில் உபரி நீர் கொள்ளிடத்தில் திரும்பினால், ஒரு பொட்டு மழை இல்லாத வெயில் நாளில்கூட ஊர் முழுகும். அப்படிப்பட்ட ஊரில் வேலை பார்ப்பவர் வானத்தைப் பார்த்தால் போதாது, மேட்டூர் நீர்வரத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

4. யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பந்தல், மைக் செட் வாடகைக்கு விடுபவரிடம் ஜெனரேட்டர் இருக்கும். மரக்கடையில் மரம் அறுக்கும் இயந்திரம் இருக்கும். டிராக்டர், ஜேசிபி, ஃபைபர் படகு, கல்யாண சமையல்காரரின் பாத்திரங்கள், உடைந்த கரையை அடைக்கச் சவுக்குக் கட்டையும் சாக்கும். வாடகை என்ன, டீசல் யார் போடுவது, பணம் எப்போது கிடைக்கும் என்பதை வெயில் காலத்திலேயே பேசி முடியுங்கள். பணம் வர வேண்டிய நாளில் வந்து சேரவும் பாடுபடுங்கள். ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்.

5. எச்சரிக்கை கடைசி வீடு வரை போகும் வழியைப் பாருங்கள். இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் எங்கள் மாவட்டம் இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை மணி. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நேரம் இருந்தது. அந்த நேரத்தைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சங்கிலி இல்லை. இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007-லிருந்து இயங்குகிறது. கடலடியில் பெரிய அதிர்வு என்றால் சில நிமிடங்களில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து மாநிலக் கட்டுப்பாட்டு அறை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை என்று செய்தி இறங்கி வரும். கடைசி இரண்டு கிலோமீட்டர் உங்களுடையது.

அதே டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அலை உயரம், காற்று, மீன் விவரம் எல்லாம் அதன் ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்கு போன் போட்டார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் முழுவதும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது. அந்த ஒலிபெருக்கியைப் பேரிடருக்கு என்று வாங்கி உறையில் போட்டு வைத்திருந்தால், அன்று அதை எப்படி இயக்குவது என்று தேடியிருப்பார்கள். தினமும் பேசிய கருவி என்பதால் தெருவில் இருந்தவர்கள் சத்தம் கேட்டதும் நம்பினார்கள்.

உங்கள் ஊரில் அப்படித் தினமும் பேசுவது எது? கோயில் ஒலிபெருக்கியா, பள்ளிவாசலா, மாதா கோயில் மணியா, மீனவர் பஞ்சாயத்தின் மைக்கா? அதைத்தான் பிடிக்க வேண்டும். அந்த அறையின் சாவி வைத்திருப்பவர் பெயர் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரம் போனால் அதற்கு பேட்டரி உண்டா என்று பாருங்கள். தண்டோரா போடச் சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். அது ஒரு சமூகத்து மக்கள் தலையில் கட்டப்பட்ட இழிவு. இனி வேண்டாம் என்று 2022-இல் அரசே சொல்லிவிட்டது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நீங்களே போங்கள், உங்கள் குரலை மக்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். டிஎன்-அலர்ட் செயலியையும் எல்லார் கைபேசியிலும் ஏற்றிக் கொடுங்கள். அதோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். செல்போன் கோபுரம் சாய்ந்தால் கைபேசி வெறும் விளக்குதான்.

6. மக்களுக்குத் தெருக்கணக்கில் சொல்லுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரெல்லாம் எண்ணைப் பேசும். ஐந்தாம் எண் என்றால் ஒரு பயம், ஏழு என்றால் அதைவிடப் பெரிய பயம். அந்தக் கூண்டுகள் கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டவை. 5, 6, 7 மூன்றுமே அபாயக் கூண்டுகள்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை வைத்துத்தான் எண் மாறுகிறது, பலத்தை வைத்து அல்ல. 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஊருக்குள் இருப்பவருக்கு இந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று எப்படித் தெரியும்?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் தூங்கப் போன ஒருவருக்கு 29,000 கன அடி என்றால் என்ன புரியும்? முழங்காலா, கழுத்தா, மாடிப்படியா? "இன்று இரவு பத்து மணிக்குள் ஆற்றோரத் தெருவில் தண்ணீர் ஆள் உயரம் வரும், இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும். எந்தத் தெரு, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, எங்கே போவது. இந்த நான்கும் இல்லாத எச்சரிக்கையை உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

7. வானிலை மையம் படிப்படியாகச் சொல்லும், நீங்களும் படிப்படியாக நகருங்கள். கரையைக் கடப்பதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் கண்காணிப்புச் செய்தி வரும். அப்போது பட்டியலை எடுங்கள், படகுகள் திரும்பிவிட்டனவா என்று எண்ணுங்கள். 48 மணி நேரத்தில் மஞ்சள்: கர்ப்பிணிகளும் நோயாளிகளும் நகரட்டும், முகாமில் தண்ணீரும் அரிசியும் இறங்கட்டும், மேல்நிலைத் தொட்டி நிரம்பட்டும். 24 மணி நேரத்தில் ஆரஞ்சு: கூரை வீடுகளைக் காலி செய்யத் தொடங்குங்கள். 12 மணி நேரத்தில் சிவப்பு வரும்போது உங்கள் ஊரில் நகர வேண்டியவர் ஒருவரும் மீதி இருக்கக் கூடாது. பல புயல்கள் நம் பக்கம் இரவில் வந்து தொலைக்கின்றன. இருட்டில் காற்றோடு ஆட்களை நகர்த்துவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பொழுது சாய்வதற்குள் முடியுங்கள்.

8. வர மறுப்பவரைத் திட்டாதீர்கள், காரணம் கேளுங்கள். "சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள்" என்று சலித்துக்கொள்ளும் அதிகாரிகளை நிறையப் பார்ப்பீர்கள். ஆனால் ஒரு மீனவருக்குப் படகும் இன்ஜினும் வலையும்தான் சொத்து முழுவதும். அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவார்? படகை மேட்டில் ஏற்றிக் கட்ட ஆட்களும் கயிறும் கொண்டுபோனால் வேலை முடிந்ததும் அவரே குடும்பத்தோடு வருவார். ஆடு மாடு வைத்திருப்பவருக்கு முகாமுக்குப் பக்கத்திலேயே ஒரு மேட்டு இடம் காட்டுங்கள். கட்டிவைத்த மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கட்டுத்தறியில் முழுகிச் சாகும் மாடுகளைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. வீட்டில் திருட்டுப் போகும் என்று பயப்படுபவருக்குக் காவலர் ரோந்து உண்டு என்று உறுதி சொல்லுங்கள், சொன்னால் செய்யுங்கள். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கும் தாய் முகாமுக்கு வரத் தயங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை. ஐம்பது ரூபாய் தாழ்ப்பாள் ஒன்று ஒரு தெருவையே நகர்த்திவிடும்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் கீழே. நடுவில் இருந்த பதினான்கு ஆண்டுகளில் அவர்கள் முகாம்கள் கட்டினார்கள், ஊர்தோறும் குழு அமைத்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். மக்கள் வர மறுத்த ஊர்கள்தான் பிறகு வரப் பழகிக்கொண்டன.

9. எச்சரித்த ஆபத்து வராமல் போனால் வெட்கப்படாதீர்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவில் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், அளவு 8.6. கடற்கரைகளைக் காலி செய்தோம். பெரிய அலை வரவில்லை. அடுத்த நாள் ஏன் ஓட வைத்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு உட்கார்ந்து விளக்குங்கள். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தால் கடல் அவ்வளவாக எழும்பாது, மேலும் கீழுமாக நகர்ந்தால் எழும்பும். எது என்பது முதல் நிமிடங்களில் உறுதியாகத் தெரியாது. ஓடியது நல்ல ஒத்திகை என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் அடுத்த முறையும் ஓடுவார்.

10. முகாமை முந்தைய நாள் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம், மோட்டார் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா. பாலூட்டும் தாய்மாருக்கு ஒரு மறைப்பு, சானிட்டரி நாப்கின், கொசுவத்தி, குழந்தைகளுக்குப் பால் பவுடர். இவையெல்லாம் மாவட்டத்திலிருந்து வரும் பட்டியலில் விட்டுப்போகலாம், உங்கள் பட்டியலில் விட்டுப்போகக் கூடாது.

இன்னொன்றை நேராகவே சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதைப் பல அமைப்புகள் ஆவணமாகப் பதிவு செய்தன. கரையில் எல்லோரையும் ஒரே அலைதான் அடித்தது. அதற்குப் பிறகும் தண்ணீர்க் குடத்தில் சாதி பார்த்தார்கள். உங்கள் முகாமில் அது நடக்க விடாதீர்கள். ஒரே சமையல், ஒரே பந்தி, ஒரே குடிநீர்த் தொட்டி. யாராவது முணுமுணுத்தால் பணிவாக, உறுதியாக மறுத்துவிடுங்கள். திருநங்கைகளுக்கும் இதே உரிமை உண்டு.

11. கடலில் இருப்பவரை மறக்காதீர்கள். 2017 நவம்பர் 29 அன்று வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையிலேயே ஒக்கிப் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாட்கள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் எத்தனை முறை மைக்கில் கத்தினாலும் அவர்கள் காதுக்கு எட்டாது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆகவே எந்தப் படகு எந்த நாளில் போனது, எத்தனை பேர், எந்தத் திசை, என்ன கருவி இருக்கிறது என்று கரையில் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். படகில் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவி இருந்தால் அது வேலை செய்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். இதை அதிகாரியாகக் கேட்டால் மீனவர்கள் எரிச்சல்படுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தே அந்த நோட்டை வைத்துக்கொள்ளட்டும்.

12. காற்று திடீரென்று ஓய்ந்தால் யாரையும் வெளியே விடாதீர்கள். புயலின் கண் உங்கள் ஊர் மேல் இருக்கிறது என்று பொருள். வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அதே வேகத்தில் வரும். முதல் காற்றில் பாதி சாய்ந்த மரமும் சுவரும் இரண்டாவது காற்றில் மறுபக்கம் விழும். ஆட்டைப் பார்க்க, ஓட்டைச் சரி செய்ய என்று வெளியே போகிறவர்கள் அப்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

13. மறுநாளைக்கும் தயாராகுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. 80,000-க்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இல்லாவிட்டால் சாவு எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். அந்த வேலையைச் செய்தவர்களை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் மறுநாள் காலை வேறொரு பேரிடர் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் வெள்ளம், குடத்தில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் கேட்டு ஊர் ஊராகச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டர்களை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. புயல் கடலோரத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தோம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, புதுக்கோட்டை என்று உள்ளே போய்த் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது, திண்டுக்கல் மலைப்பக்கம் வரை போனது. ஏழாண்டு பத்தாண்டு பாடுபட்டு வளர்த்த தோப்பு ஒரு ராத்திரியில் போன குடும்பங்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்மாவட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, கரை கடக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்காதீர்கள். அது போகும் பாதை முழுவதும் உங்கள் பொறுப்பு.

ஆகவே டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லித் தொட்டியை முந்தைய நாளே நிரப்புங்கள். ஊரில் கைப்பம்பு இருந்தால் பழுது பார்த்து வையுங்கள். பிளீச்சிங் பவுடர் கையிருப்பு இருக்கட்டும். வெள்ளம் வடியும்போது பாம்பு வீட்டுக்குள் வரும், விஷமுறிவு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடக் கூடாது, அருகிலும் போகக் கூடாது என்று முகாமிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

14. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும்.

15. கட்டுப்பாட்டு அறையில் உங்களை உட்கார வைத்தால் எழுதுங்கள். மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. கூப்பிடுபவர் அழுதுகொண்டே பேசுவார். நேரம், இடம், எத்தனை பேர், யாரிடம் ஒப்படைத்தோம் என்று பதிவேட்டில் ஏற்றுங்கள், முடிந்ததா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏரி உடைந்தது, அணை உடைந்தது என்று வதந்தி வந்தால் அந்தக் கரையில் நிற்கும் ஆளிடமே விசாரியுங்கள். 2004 டிசம்பர் 30 அன்று, நாகையில் உடல்களைக்கூட முழுதாக எடுத்து முடிக்காத நேரத்தில், மறுபடியும் சுனாமி என்று ஒரு தவறான எச்சரிக்கை பரவியது. பிழைத்தவர்கள் எல்லாம் மறுபடி ஓடினார்கள், நிவாரண வேலை அப்படியே நின்றது. தவறான செய்தியும் ஆளைக் கொல்லும்.

16. ஒத்திகையை உண்மையாக நடத்துங்கள். காலை பத்து மணிக்கு, வெயிலில், புகைப்படக்காரர் முன்னால் நான்கு பேரைக் கட்டிலில் தூக்கிக் காட்டுவதால் என்ன தெரியும்? மாலை ஏழு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கடைசித் தெருவிலிருந்து முகாமுக்கு எல்லோரையும் நடக்க வையுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே இடறினார்கள், எந்தப் பாட்டி வர முடியவில்லை என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளை முன்னால் விடுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குப் பாடம் எடுப்பார்கள்.

17. வெள்ளம் வடிந்த ஒரு வாரத்துக்குள் குறிப்பேட்டைத் திருத்துங்கள். சேதக் கணக்கெடுப்பில் மூழ்கிப்போவீர்கள் என்பது தெரியும். அதை நேர்மையாகச் செய்யுங்கள். விழுந்த வீட்டை விட்டுவிடாதீர்கள், விழாத வீட்டைச் சேர்க்காதீர்கள். அடுத்த ஆண்டு நீங்கள் "வெளியேறுங்கள்" என்று சொல்லும்போது ஊர் உங்களை நம்புமா என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கூடவே தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எந்த ஜெனரேட்டர் ஓடவில்லை, யார் கூப்பிட்டதும் வந்தார், பட்டியலில் இல்லாத எந்த வீட்டில் ஆள் இருந்தார் என்று சேருங்கள்.

மாறுதல் ஆணை வந்தால் அந்தக் குறிப்பேட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். புதிதாக வருபவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். ரேஷன் கடைக்காரர், டேங்க் ஆபரேட்டர், மீனவர் பஞ்சாயத்துத் தலைவர், சத்துணவு அமைப்பாளர், மைக் செட்காரர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் அவரை நிறுத்தி, இனி ராத்திரி எந்த நேரமானாலும் இவரைக் கூப்பிடலாம் என்று சொல்லி, எண்களை மாற்றிக்கொள்ள வைத்துவிட்டு, அதன் பிறகு பொறுப்பு ஒப்படைப்பில் கையெழுத்துப் போடுங்கள்.